மேட்டில் தெரியும் கணக்கு

ஒரு சிறிய பெட்ரோல் பம்ப்செட் எஞ்சின், பழைய மொபெட்டின் சக்கரங்கள், காயலான் கடையில் எடைக்கு வாங்கிய இரும்புக் குழாய். இவை போதும், ஒரு மினி பைக் தயார். பொறியியல் மாணவர்களுக்கும் லேத் பட்டறைக்காரர்களுக்கும் இது கைவந்த கலை. சமதரையில் வண்டி ஜோராக ஓடும். மேம்பாலம் வந்ததும் திணறும். பின்னால் ஒருவர் உட்கார்ந்துவிட்டாலோ கிளட்சிலிருந்து கருகல் வாடை கிளம்பும். 'கியர் வைத்தால் என்ன?' என்ற யோசனை பிறப்பது அங்கேதான்.

குறை எஞ்சினில் இல்லை, பற்களின் கணக்கில். எஞ்சின் நிமிடத்துக்கு 3,600 முறை சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். முன்னால் 10 பல், பின்னால் 60 பல் என்றால் சக்கரம் சுற்றுவது 600 முறை. 30 செ.மீ. விட்டமுள்ள சக்கரம் மணிக்கு சுமார் 34 கி.மீ. ஓடும். ஆனால் இந்த வண்டிகளில் உள்ள தானியங்கி கிளட்ச், 2,000 சுற்று அளவில்தான் முழுதாகப் பிடிக்கும். அதாவது வண்டி 19 கி.மீ. வேகத்தை எட்ட வேண்டும். மேட்டில் அது நடக்காது. கிளட்ச் வழுக்கும், சூடேறும், தேயும்.

சரி, முதல் கியரை இருமடங்கு வலுவாக வைத்தால்? புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். 3,600 சுற்றில் இரண்டாவது கியருக்கு மாறினால் எஞ்சின் 1,800-க்கு இறங்கிவிடும். கிளட்ச் மறுபடி வழுக்கும். இடைவெளி 1.6 மடங்கு என்றால் 2,250-ல் நிற்கும், பிடியும் விடாது. முதல் கியரில் இழுவை 60 சதவீதம் கூடும், வேகம் 21 கி.மீ.யோடு நின்றுவிடும். மேட்டுக்கு அது தாராளம்.

மாற்றுவது எப்படி? பட்டறை அளவில் சுலபமான வழி, நடுவே ஒரு துணை ஷாஃப்ட்டும் இரண்டு செயின்களும். முதல் கியர் செயினில் சைக்கிளில் இருப்பது போன்ற, ஆனால் எஞ்சின் இழுவையைத் தாங்கும், ஃப்ரீவீல். இரண்டாவதில் இன்னொரு தானியங்கி கிளட்ச். வேகம் கூடியதும் இரண்டாவது பிடித்துக்கொள்ளும், முதலாவது தானாக நழுவிக்கொடுக்கும். லீவர் தேவையில்லை. ஒரு நுணுக்கம் மட்டும் உண்டு. அந்தக் கிளட்ச் சக்கரத்தின் வேகத்தைப் பார்த்துப் பிடிக்க வேண்டும். எஞ்சின் வேகத்தைப் பார்த்தால், கியர் மாறி எஞ்சின் தணிந்ததும் விட்டுவிடும். வண்டி இரண்டுக்கும் நடுவே ஊசலாடும்.

பெரிய கம்பெனிகளும் இதே முடிச்சோடு மல்லுக்கட்டியவைதான். 1958-ல் வந்த ஹோண்டா சூப்பர் கப், கிளட்ச் லீவரை ஒழித்து மூன்று கியரை வைத்துக்கொண்டது. 2017-க்குள் அந்த வரிசையில் 10 கோடி வண்டிகள் தயாராயின. இந்தியாவில் 1972-ல் வந்த லூனா கியரே வேண்டாம் என்றது. 1984-ல் கினெடிக் ஹோண்டா பெல்ட்டை வைத்து கியர் மாற்றும் வேலையையே இல்லாமல் செய்தது. மூட்டை சுமக்கும் டிவிஎஸ் எக்ஸ்எல்100 இன்றும் ஒற்றை வேகத்தில்தான் ஓடுகிறது. குறைந்த பாகம், குறைந்த பழுது என்பதும் ஒரு பொறியியல்தான்.

வீட்டில் செய்கிறவர்கள் மறக்கும் விஷயம் இறக்கம். ஃப்ரீவீல் உள்ள முதல் கியரில் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. ஏறிய மேட்டிலிருந்து இறங்கும்போது முழுப் பாரமும் பிரேக்குக்கு. செயினுக்கு மூடி இல்லையென்றால் வேட்டி நுனியோ துப்பட்டாவோ சிக்க ஒரு நொடி போதும்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. பதிவான வண்டியின் அடிப்படை அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இடம் தரவில்லை. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பதிவே இல்லாத மினி பைக்குக்குப் பொதுச் சாலையில் வேலை இல்லை. அதற்குரிய இடம் கல்லூரி மைதானம், போட்டிக் களம். 2007-ல் தொடங்கிய பாஹா எஸ்ஏஇ இந்தியா போட்டியில் எல்லா மாணவர் அணிகளுக்கும் ஒரே மாதிரி எஞ்சின்தான் கொடுத்தார்கள். வித்தியாசம் காட்ட மிஞ்சியவற்றில் முக்கியமானது பற்களின் கணக்கு.

அதைக் காகிதத்தில் போட்டுப் பார்க்கச் செலவில்லை. முதலில் பிரேக், பிறகு கியர் என்ற வரிசை மட்டும் மாறக்கூடாது.