புண்ணியக் கணக்கு பாலிசி ஆகாது

போன வாரம் டீக்கடையில் மறுபடியும் அதே பேச்சு. கண்மாயின் மேற்குப் பக்கத்தைத் தூர்வார எங்கள் ஊர் இளைஞர்கள் தேதி குறித்துவிட்டார்கள். நான்கு டிராக்டர்கள் வருகின்றன. டீசல் செலவுக்குச் சிங்கப்பூரில் இருக்கும் பையன்கள் பணம் அனுப்பிவிட்டார்கள். மதியச் சாப்பாடு கோயிலில். எல்லாம் கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. "டிரெய்லருக்கெல்லாம் இன்சூரன்ஸ் இருக்காப்பா?" என்று கேட்டேன்.

"என்ன சித்தப்பா, பொதுக் காரியத்துக்கு எவன் கேஸ் போடப்போறான்? அதுவுமில்லாம வண்டிக்குத்தான் இன்சூரன்ஸ் இருக்கே" என்றான் ஒரு தம்பி. பெஞ்சில் இருந்த ஏழெட்டுப் பேரும் தலையாட்டினார்கள். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அந்தத் தலையாட்டலைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஏனென்றால் அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர், இரண்டு வருடத்துக்கு முன்னால் என்ன நடந்தது என்பதைக் கண்ணால் பார்த்தவர்கள்.

அன்றைக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். கண்மாய் மண்ணை அள்ளிப் பள்ளிக்கூட மைதானத்தின் பள்ளத்தில் கொட்டிக்கொண்டிருந்தோம். கூலி கிடையாது, வாடகை கிடையாது. ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் தன் டிராக்டரையும் டிரெய்லரையும் கொண்டுவந்து, அவனே ஓட்டினான். கரை ஏற்றத்தில் வண்டி மூச்சுப் பிடித்து ஏறும்போது டிரெய்லர் கழன்றது. கொக்கியில் இருக்க வேண்டிய பின் என்றைக்கோ தேய்ந்து போயிருக்கிறது. அதற்குப் பதிலாக அரை அங்குலக் கம்பி ஒன்றை வளைத்துச் சொருகியிருந்தான். அந்தக் கம்பி நிமிர்ந்துகொண்டது. முழு லோடு மண்ணோடு டிரெய்லர் பின்னால் உருண்டுபோய், கரையடியில் இருந்த அத்தையின் மாட்டுக்கொட்டகைச் சுவரில் மோதியது. பன்னிரண்டு அடிச் சுவர் அப்படியே உள்பக்கம் சாய்ந்தது. உள்ளே கட்டிக்கிடந்தது கறவை மாடு. வேளைக்கு நாலு லிட்டர் கறந்த மாடு. பின்னங்கால் இரண்டு இடத்தில் முறிந்தது.

மனுஷ உயிர் போகவில்லை என்பதற்காக அன்று மாலையே கோயிலில் தேங்காய் உடைத்தார்கள். அத்தை கொட்டகை வாசலில் உட்கார்ந்து மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "ஊருக்கு நல்லது செஞ்சீங்கய்யா. என் மாட்டுக்கு என்ன செய்யப்போறீங்க?"

தூர்வாரும் இளைஞர் குழுவில் வசூல் செய்து 11,400 ரூபாய் கொடுத்தார்கள். மாடு கறவைக்கு மறுபடி வரவே இல்லை. தம்பி பாலிசியை எடுத்துக்கொண்டு காப்பீட்டு அலுவலகத்துக்குப் போனான். ஆர்.சி. புத்தகத்தோடு பிளாஸ்டிக் கவரில் நான்காக மடித்து வைத்திருந்த காகிதம், மடிப்பில் எழுத்தெல்லாம் அழிந்திருந்தது. அங்கே இருந்தவர் இரண்டே கேள்வி கேட்டாராம். டிரெய்லருக்குப் பாலிசி எங்கே? மண் எங்கே கொட்டினீர்கள்? டிரெய்லருக்குத் தனியாகப் போட வேண்டும் என்பதே தம்பிக்குத் தெரியாது. பள்ளிக்கூட மைதானம் என்று உண்மையைச் சொன்னான். அவ்வளவுதான், காகிதத்தை மடித்துக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

"வண்டிக்குத்தான் இன்சூரன்ஸ் இருக்கே" என்று சொல்கிறவர்கள் அந்தக் காகிதத்தை ஒருமுறையாவது விரித்துப் படித்திருக்கிறீர்களா? நம் ஊர்களில் ஓடும் டிராக்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு இருப்பது விவசாய உபயோகத்துக்கான பாலிசி. எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்று அதிலேயே ஒரு பத்தி இருக்கிறது. உழவு ஓட்டலாம், நெல் ஏற்றலாம், எரு அடிக்கலாம். மைதானத்தை மேடாக்கலாம் என்று எங்கேயும் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம். இன்ஜின் இல்லாததால் அது வண்டி இல்லை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

நான் கற்பனையாகப் பயமுறுத்தவில்லை. 2007-ல் உச்ச நீதிமன்றமே இதைத் தீர்த்துச் சொல்லிவிட்டது. செங்கல் சூளைக்கு மண் எடுக்கப்போன டிராக்டர், அதன் டிரெய்லரில் போன கூலித் தொழிலாளி ஒருவர் அடிபட்டார். டிராக்டருக்கு விவசாய வேலைக்கு மட்டும் பாலிசி. டிரெய்லருக்குப் பாலிசியே இல்லை. மண் தோண்டிச் சூளைக்குக் கொண்டுபோவது விவசாய வேலை ஆகாது, காப்பீட்டு நிறுவனத்துக்குப் பொறுப்பு இல்லை என்று நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் அந்தத் தொழிலாளியின் ஏழ்மையைப் பார்த்துத் தன் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி, நிறுவனம் முதலில் பணத்தைக் கொடுக்கட்டும், பிறகு டிராக்டர் உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவிட்டது. கடைசி வரியை இன்னொரு முறை படியுங்கள். உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும். உரிமையாளர் என்றால் யார்? நம்ம தம்பி. மாமன். பக்கத்துத் தோட்டத்துக்காரர். "ஒரு நாளைக்கு வண்டியை அனுப்பி வைங்கண்ணே" என்று நாம் போய்க் கேட்டோமே, அவர்.

'அது சூளை, வியாபாரம், நாம் செய்வது சேவை' என்று உடனே ஒருவர் கிளம்புவார். பாலிசியில் வியாபாரம், சேவை என்று இரண்டு கட்டம் போட்டு வைத்திருக்கிறதா? விவசாயமா இல்லையா என்பதுதான் அங்கே கேள்வி. வண்டலை அள்ளிச் சொந்த வயலில் போட்டால் விவசாயம் என்று வாதாடவாவது இடம் இருக்கிறது. பள்ளிக்கூடத்திலும் கோயில் திடலிலும் கொட்டிவிட்டு அந்த வாதத்தை எந்த முகத்தோடு வைப்பது? சூளைக்குப் போன மண்ணும் கண்மாயிலிருந்து போன மண்ணும் டிரெய்லருக்கு ஒரே பாரம்தான். 2004-ல் வந்த இன்னொரு தீர்ப்பில், வியாபாரி ஒருவர் தன் வியாபாரத்துக்கான காய்கறியை ஏற்றிப்போனதைக்கூட டிராக்டரின் விவசாயப் பயன்பாடாக உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. காய்கறிக்கே அந்தக் கதி என்றால் கண்மாய் மண்ணுக்கு என்ன கதி?

அடுத்த நம்பிக்கை இன்னும் ஆபத்தானது. நல்லது செய்கிறவனைச் சட்டம் காப்பாற்றும், அதற்கென்று ஒரு சட்டம் வந்துவிட்டது என்று கைப்பேசியில் எதையோ பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள், உண்மை. ரோட்டில் அடிபட்டுக் கிடக்கிறவரைத் தூக்கி ஆஸ்பத்திரியில் சேர்க்கிறவருக்கு அது பாதுகாப்பு. இடிக்கிற டிராக்டருக்கு அல்ல. அமெரிக்காவில் 1997-ல் தன்னார்வலர்களைக் காப்பதற்கென்றே தனிச் சட்டம் போட்டார்கள். வாகனம் ஓட்டும்போது நேரும் சேதத்தை அவர்களே அந்தப் பாதுகாப்பிலிருந்து வெளியே நிறுத்திவிட்டார்கள். நம் நாட்டில் அப்படி ஒரு சட்டமே இல்லை. இல்லாத குடையைப் பிடித்துக்கொண்டு மழையில் நடக்கிறோம்.

சேவைக்கு வந்தவனுக்கே அடிபட்டால் என்ன ஆகும் என்று யாராவது யோசித்தோமா? கூலி வாங்கினால் தொழிலாளி, அவனுக்கு இழப்பீட்டுச் சட்டம் இருக்கிறது. கூலி வாங்காமல் வந்தவன் அந்தச் சட்டத்தின் கண்ணில் தொழிலாளியே இல்லை. உரிமையாளரே ஓட்டி அடிபட்டால் அவருடைய சொந்த விபத்துக் காப்பு இருக்கிறது, 2018-ல் அதை 15 லட்சமாக உயர்த்தினார்கள். ஆனால் அவர் சாப்பிடப் போன நேரத்தில் ஸ்டீயரிங்கில் ஏறி உட்காருகிற பையனுக்கு அது சேராது. இரவல் வண்டி ஓட்டுகிறவர் உரிமையாளர் இடத்திலேயே நிற்கிறார், அவரை மூன்றாம் நபராகக் கருத முடியாது என்று 2009-லேயே தீர்ப்பு இருக்கிறது. ஒரு ரூபாய் வாங்காமல் வெயிலில் நிற்கிற பிள்ளைதான் எல்லோரையும் விடப் பாதுகாப்பில்லாமல் நிற்கிறான். இதை அவனிடம் சொல்லாமல் அழைத்து வருவது எனக்குப் பாவமாகத் தெரிகிறது.

இதில் காப்பீட்டை விற்கிறவர்கள் பங்கு பெரியது. டிராக்டர் வாங்குகிற அன்றைக்கு ஷோரூமிலேயே கடன் காகிதம், பாலிசிக் காகிதம் எல்லாவற்றிலும் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். எல்லாம் ஆங்கிலம். எதற்குக் கையெழுத்து என்று கேட்டால் "ஒண்ணுமில்லண்ணே, எல்லாருக்கும் போடுறதுதான்" என்பதே பதில். மூன்றாம் நபரின் சொத்துக்கு நேரும் சேதத்துக்கு ஏழரை லட்சம் வரை பொறுப்பேற்கிற பாலிசியும் இருக்கிறது, அதையே வெறும் 6,000 ரூபாயாகச் சுருக்கிப் பிரீமியத்தில் கொஞ்சம் குறைத்துக் கொடுக்கிற பாலிசியும் இருக்கிறது. உங்களுடையது எது? 6,000 ரூபாயில் பன்னிரண்டு அடிச் சுவர் எழுப்ப முடியுமா? கடன் தவணை முடிந்ததும் பாலிசியைப் புதுப்பிக்கச் சொல்ல ஆள் இருப்பதில்லை, அதோடு காலாவதியாகிக் கிடக்கிற வண்டிகள் எத்தனை! இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோகூட என்று சட்டம் இருக்கிறது.

அரசாங்கத்தையும் சும்மா விட முடியாது. கண்மாயில் வண்டல் அள்ள வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று 2024-ல் நடைமுறையை எளிதாக்கினார்கள், நல்ல காரியம். அனுமதித் தாளோடு, 'உங்கள் டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் இந்த வேலையைத் தாங்குகிற பாலிசி இருக்கிறதா' என்று ஒரு வரி கேட்க என்ன தடை? 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் அடித்து ஓய்ந்தபோது, ரோட்டை மறித்துக் கிடந்த தென்னைகளை முதலில் இழுத்துப் போட்டவை எங்கள் பக்கத்து விவசாயிகளின் டிராக்டர்கள். சங்கிலியைக் கட்டி இழுத்தோம். மின்கம்பத்தின் ஸ்டே கம்பி எங்கே, குடிநீர்க் குழாய் எங்கே என்று காட்டக்கூட ஆளில்லை. அடுத்த வருடம் கீரமங்கலம், கொத்தமங்கலம், பேராவூரணிப் பக்கமெல்லாம் இளைஞர்கள் சொந்தக் காசில் குளங்களைத் தூர்வார இறங்கினார்கள். மாலை போட்டார்கள், பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். தன்னார்வலர்களே வாருங்கள் என்று கூப்பிடத் தெரிந்தவர்களுக்கு, வந்தவர்கள் பெயரில் ஒரு விபத்துக் காப்பீடு எடுக்கத் தெரியாதா?

நான் தூர்வார வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தக் கண்மாயில் நீச்சல் பழகியவன் நான். அது நிறைந்து மறுகால் போவதைச் சாகும் முன் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறவன். டிரெய்லருக்குத் தனிப் பாலிசி போடுங்கள் என்கிறேன். இந்த ஒரு வேலைக்குப் பாலிசி தாங்குமா என்று நிறுவனத்திடம் எழுதிக் கேட்டுப் பதிலையும் எழுத்தில் வாங்குங்கள் என்கிறேன். தாங்காது என்றால் பொதுப் பொறுப்புக் காப்பீடு என்று ஒன்று இருக்கிறது, அதைக் குழுவின் பெயரில் கேளுங்கள். பிரதமரின் விபத்துக் காப்பீட்டில் வருடத்துக்கு 20 ரூபாய் கட்டினால் விபத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம் கிடைக்கும். 18 வயதிலிருந்து 70 வரை வங்கிக் கணக்கு உள்ள யாரும் சேரலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை டீ வடைச் செலவைவிட அது குறைவு. பிளக்ஸ் பேனருக்கு 4,000 ரூபாய் ஒதுக்க முடிந்த குழுவுக்கு இதெல்லாம் முடியாதா?

ஏதாவது நடந்தால் ஊரே சேர்ந்து கொடுத்துவிடும் என்கிறீர்கள். கொடுத்ததைத்தான் பார்த்தோமே. 11,400 ரூபாய். சூளைக்கு மண் எடுக்கப்போய் அடிபட்ட அந்தத் தொழிலாளியின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கரையடி அத்தைக்கு வட்டாட்சியர் அலுவலகம் வரை போகவே ஆள் துணை வேண்டும். அவர் கேஸ் போடவில்லை. போடாததை வைத்துக்கொண்டுதான் 'பொதுக் காரியத்துக்கு எவன் கேஸ் போடுவான்' என்று இன்றைக்கு டீக்கடையில் பேசுகிறோம். ஒரு ஏழை வாயை மூடிக்கொண்டதைச் சட்டம் என்று சொல்வதற்கு நாம் வெட்கப்பட வேண்டும்.

தம்பி அந்த வருடமே நகையை அடகு வைத்து அத்தைக்கு 40,000 ரூபாய் கொடுத்தான். யாரும் அவனைக் கேட்கவில்லை, அவனாகவே கொடுத்தான். நகை இன்னும் மீளவில்லை. அதற்கப்புறம் ஊர் வேலைக்கு அவன் வண்டியை எடுத்து வந்ததே இல்லை.

வருகிற ஞாயிறு காலை 6 மணிக்கு வேலை ஆரம்பம். நான்கு டிரெய்லர்களில் ஒன்றுக்குத்தான் பாலிசி இருக்கிறது. நேற்று சாயங்காலம் போய்ப் பார்த்தேன். கொட்டகைச் சுவர் இடுப்பளவுதான் எழும்பியிருக்கிறது, மீதிக்குப் பச்சை நிறத் தார்ப்பாய் கட்டியிருக்கிறார் அத்தை.