'ஒருதரம் பார்க்கலாம்!'

நம் பாடசாலைகளின் ஆசிரியர் ஓய்வறைகளில் இப்போது ஒரு தீர்ப்பு நாள்தோறும் வழங்கப்படுகிறது. எந்தத் திரைப்படத்தைப் பற்றிக் கேட்டாலும், "ஒருதரம் பார்க்கலாம்" என்கின்றனர். கண்டி நகரத்துப் படமாளிகைக்குச் சென்று வந்தவரும் அதையே சொல்கிறார். வீட்டில் கட்டிலில் சாய்ந்தபடி கைத்தொலைபேசியில் பார்த்தவரும் அதையே சொல்கிறார். ஒரு நாவலோ சிறுகதையோ கைக்கு வந்தால் யதார்த்தம், வர்க்க நிலை, வரலாற்று நோக்கு என்றெல்லாம் அளவுகோல் தேடும் நாம், திரைப்படம் என்றதும் அந்த அளவுகோலைப் பெட்டியில் பூட்டிவிட்டுச் சோம்பல் முறிக்கிறோம். இது தீங்கற்ற பழக்கம் என்று பலர் கருதுகின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. இது நம் மாணவருக்கு நாம் செய்யும் துரோகம் என்றே கூறுவோம். இவ்வளவு கடுமையாகக் கூறுவதற்குக் காரணம், நாமும் அக்குற்றத்தைச் செய்தவரே என்பதுதான்.

2025 ஆகஸ்ட் 14ஆம் நாள் ரஜினிகாந்த் நடித்த 'கூலி' வெளிவந்தது. படமாளிகை வாசலில் நின்ற வரிசையில் நம் மாணவர் பலரைக் கண்டோம். கலஹா, தெல்தோட்டை, புசல்லாவைப் பகுதித் தோட்டங்களிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவர்கள் அவர்கள். நாமும் உள்ளே சென்றோம். உள்ளதைச் சொல்வதானால், கைதட்டவும் செய்தோம். விடுமுறை முடிந்து பாடசாலை திறந்ததும் ஒரு மாணவன் வந்து, "படம் எப்படி, சேர்?" என்று கேட்டான். "ஒருதரம் பார்க்கலாம்" என்றோம். அவன் சிறிது நேரம் நின்றான். பிறகு, "எங்க அப்பாயி அந்தப் பேரக் கேட்டதும் டீவி முன்னாலருந்து எழும்பிப் போயிட்டாங்க, சேர். அந்தப் பேரக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சவ நான்னு சொன்னாங்க" என்றான். நமக்கு விடை வரவில்லை. பட்டப்படிப்பில் நாம் கற்ற விமரிசனக் கோட்பாடு எதுவும் அந்த நிமிடத்தில் உதவிக்கு வரவில்லை.

அந்தச் சொல்லின் வரலாறு அந்த மூதாட்டிக்குத் தெரியும். 1820களில் கம்பளையை அடுத்த சின்னப்பிட்டியில் கோப்பிச் செய்கை தொடங்கிய காலம் முதல், மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளைக்கு நடந்து வந்த மக்களின் தலையில் ஏற்றப்பட்ட சொல் அது. வழியில் செத்தவர் போக எஞ்சியோர் துரையின் ஏட்டில் மனிதராகப் பதியப்படவில்லை, கூலிகளாகப் பதியப்பட்டனர். 1948இல் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியபோதும், வடக்கிலிருந்து வந்து நகரத்தில் உத்தியோகம் பார்த்த தமிழர் சிலர் அவர்களைத் 'தோட்டக்காட்டான்' என்று அழைத்தபோதும், அந்தச் சொல் பின்னணியில் ஒலித்துக்கொண்டே இருந்தது. 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அதே பாதையில் மக்கள் நடந்து 200 ஆண்டை நினைவுகூர்ந்தது, தம்மை இனி மலையகத் தமிழர் என்று அழையுங்கள் என்று கேட்பதற்குமே ஆகும்.

"இழிசொல்லைப் பெருமைச் சொல்லாக மாற்றுவதும் போராட்டந்தானே?" என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஆயின், மாற்றுகிறவர் யார் என்பதையும் கேட்க வேண்டும். அந்தச் சொல்லைச் சுமந்தவன் தானே அதை எடுத்துத் திருப்பி வீசினால் அது போராட்டம். படத்திலோ கதாநாயகன் முன்னாள் துறைமுகத் தொழிலாளி என்பது அவனுக்குக் கிடைத்த ஓர் அணிகலன். மற்றத் தொழிலாளர் கூட்டமாக வருகின்றனர், கூட்டமாகத் துன்புறுகின்றனர், ஒரு மீட்பரின் வருகைக்காகக் காத்திருக்கின்றனர். சங்கம் கட்டி உரிமை பெற்ற மக்களின் பேரர்களுக்கு, ஒரு மனிதன் வந்தால் போதும் என்று கற்பிப்பது எவ்வகையில் முன்னேற்றம்?

'கூலி' ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு சாடுவது நம் நோக்கமன்று. அண்மையில் படமாளிகையிலும் வீட்டிலும் பார்த்த வேறு சில படங்களையும் எடுத்துக்கொள்வோம்.

2023இல் வந்த '800', கண்டியின் மைந்தர் முத்தையா முரளிதரனின் வாழ்க்கை. அவருடைய பாட்டனார் இந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர். 2020இல் அப்படம் அறிவிக்கப்பட்டபோது தமிழ்நாட்டில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. நடிக்க இசைந்திருந்த விஜய் சேதுபதி விலகினார். எதிர்த்தவருக்கும் ஆதரித்தவருக்கும் அவரவர் நியாயங்கள் இருந்தன. ஆயினும் அந்த வாதம் முழுவதிலும் ஒரு தரப்பாரின் கருத்தை எவரும் கேட்கவில்லை. முரளிதரன் பிறந்த மலையகச் சமூகம் அவரைப் பற்றி என்ன நினைக்கிறது? தோட்டத்துப் பிள்ளைக்கு அந்தப் பந்து வீச்சின் பொருள் யாது? ஈழத் தமிழர் என்ற ஒரே பெட்டிக்குள் நம்மை அடைத்து, நம்மைப் பற்றி நம்மைக் கேளாமலே சென்னையில் வழக்காடி முடித்தனர்.

2025 மே மாதம் வெளிவந்த 'டூரிஸ்ட் பேமிலி' அன்பான படம். பொருளாதார நெருக்கடியால் இலங்கையை விட்டுக் கடல் கடந்து தமிழ்நாடு சேரும் ஒரு குடும்பம், தன் ஊரை மறைத்து வாழ்கிறது. பார்த்தவர் கண் கலங்கினர், நாமும் கலங்கினோம். ஆனால் 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று இரு தலைநகரங்களின் மேசையில் கணக்கிட்டதே, அந்த மக்களை எந்தப் படத்தில் பார்த்தோம்? கண்டி ரயில் நிலையத்தில் உறவைப் பிரிந்து அழுதவர், கூடலூரிலும் கோத்தகிரியிலும் மீண்டும் தேயிலையே கிள்ளி, அங்கே 'சிலோன்காரர்' என்று பெயர் வாங்கியவர், அவர்களுக்கு ஒரு சுருள் படம் உண்டா? ஒரு குடும்பம் படகில் வந்தால் கதையாகிறது. பல இலட்சம் பேர் கப்பலில் ஏற்றப்பட்டால் அது வெறும் புள்ளிவிவரமாகிவிடுகிறது.

சிங்களக் கலைஞர் பிரசன்ன விதானகேயின் 'பாரடைஸ்' படத்தை வீட்டில் பார்த்தோம். 2022 நெருக்கடியின் நடுவே மலைநாட்டுக்கு உல்லாசப் பயணம் வரும் இந்தியத் தம்பதியரின் உடைமைகள் களவு போகின்றன. தோட்டத்துத் தமிழ் இளைஞர் பிடிக்கப்படுகின்றனர். பொலிஸ் காவலில் அடிபட்ட ஒருவன் உயிரிழக்கிறான். நாம் குறிப்பிட்டவற்றுள் நேர்மை மிக்க படம் இதுவே. வசதியுள்ளவனின் ஒரு முறைப்பாடு, வசதியற்றவனின் உயிரை எவ்வளவு எளிதாகக் குடிக்கிறது என்பதை அது மறைக்கவில்லை. ஆயினும் அங்கேயும் நாம் உல்லாசப் பயணியின் கண்ணால்தான் லயத்தைப் பார்க்கிறோம். செத்தவனின் தாய் அன்றிரவு என்ன செய்தாள் என்பது நமக்குத் தெரியாமலே படம் முடிகிறது.

நம்மவர் முயலவில்லை என்று சொல்ல முடியாது. 1963இலேயே 'தோட்டக்காரி' வந்தது. தொழிற்சங்கத் தலைவர் வீ. பி. கணேசன் 1975இல் 'புதிய காற்று' எடுத்தார். கைப்பொருளை இழந்து, தென்னிந்தியப் படங்களின் வெள்ளத்தை எதிர்த்து நின்ற முயற்சிகள் அவை. குறைகள் இருந்தன, ஆனால் லயத்து வாசலில் நின்று உலகத்தைப் பார்க்கும் துணிவு இருந்தது. நம் மாணவருள் எத்தனை பேர் அப்பெயர்களைக் கேட்டிருக்கின்றனர்? அவர்களுக்குச் சொல்லாதவர் யார்?

கதைக்கும் பஞ்சமில்லை. ஹேவாஹெட்டைப் பக்கத்து முல்லோயாத் தோட்டத்தில் 1940 ஜனவரியில் வேலைநிறுத்தம் நடந்தது. பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி மாண்டார். மலையகத் தொழிற்சங்கப் போராட்டத்தின் முதல் தியாகி என்று அவரைப் போற்றுகிறோம். கண்டியிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கிறது அந்த மலை. அவர் ஆயிரம் பேரை அடித்து வீழ்த்தவில்லை. தன்னைப் போன்ற பலரோடு சேர்ந்து நின்றார், அவ்வளவுதான். அதனாலேயே அவரைப் பற்றிப் படம் எடுக்க எவரும் முன்வரவில்லை போலும்.

"நாள் முழுதும் மலையேறிக் கொழுந்து பறித்தவள் சற்றுச் சிரித்து மகிழக் கூடாதா? அவளுக்கு ஏன் உபதேசம்?" என்ற வாதம் ஒன்று உண்டு. மகிழட்டும், அதற்கு அவளுக்கு முழு உரிமை உண்டு. நாம் உபதேசிப்பது அவளுக்கன்று, நமக்கே. 2024இல் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1350 ரூபாய் என்று வர்த்தமானியில் அறிவித்தனர். பஸ் கட்டணமும் படமாளிகைச் சீட்டும் அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். ஒரு நாள் உழைப்பைக் கொடுத்து வாங்கிய பொருளைப் பற்றிக் கேட்பவனுக்கு, "ஒருதரம் பார்க்கலாம்" என்பது விடையாகுமா? சந்தையில் அழுகிய கத்தரிக்காயைக்கூட நாம் இவ்வளவு அலட்சியமாக வாங்குவதில்லை.

திரையரங்கின் கூரைதான் எல்லாத் தமிழரையும் சாதி பாராமல் முதன்முதல் ஒன்றாக அமர வைத்தது என்ற கருத்தைப் பேராசிரியர் கா. சிவத்தம்பி முன்வைத்தார். அவ்வளவு வலிமை வாய்ந்த கலையைப் 'பாமரர் பொழுதுபோக்கு' என்று ஒதுக்குவதும் பிழை. அதன் முன் அறிவைக் கழற்றி வைத்துவிட்டு அமர்வதும் பிழை. நம் பாடசாலைத் தமிழ் மன்றங்களில் தவணைக்கு ஒரு முறையேனும், மாணவர் பார்த்த ஒரு படத்தை விவாதிப்போம். இதில் உழைப்பவன் யார்? அவன் பேசுகிறானா, அவனுக்காக வேறொருவன் பேசுகிறானா? நம் லயத்தில் இருப்பவர் இதைப் பார்த்து எழுந்து போவார்களா, இருந்து பார்ப்பார்களா? இம்மூன்று கேள்விகளும் போதும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நம்மைவிட நன்றாகவே விடை சொல்வார்கள்.

அந்த மாணவனிடம் நாம் மறுநாள் சென்று, நேற்றுச் சொன்ன விடை தவறு என்றோம். அவன் சிரித்தான். "அப்ப சரியான விடை என்ன, சேர்?" என்றான். உன் அப்பாயியிடம் கேட்டு எழுதி வா, மன்றத்தில் வாசிப்போம் என்றோம். அவன் எழுதிக்கொண்டிருக்கிறான்.