ஆபரேஷன் வெற்றி, அப்பாவுக்கு ஏன் பிதற்றல்?

இருதய ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது. "இனி பயம் இல்லை" என்று டாக்டர் சொன்னார். வீட்டாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

இரண்டாம் நாள் இரவு, பெற்ற மகளைப் பார்த்து, "நீ யாரம்மா?" என்று அப்பா கேட்கிறார்! சுவரில் பூச்சி ஊர்கிறது என்கிறார். மருந்து ஏறும் குழாயைப் பிடுங்கப் பார்க்கிறார். "அப்பாவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதே!" என்று மகள் அழுகிறாள்.

பைத்தியம் அல்ல. இதை 'டெலிரியம்' என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். ஜன்னி கண்டவர் பிதற்றுவது போன்றதுதான். பெரும்பாலோருக்குச் சில நாட்களில் தெளிந்துவிடும். வயதானவர்கள் சிலருக்கு மட்டும் நீடிக்கும்.

இரண்டு சுரப்பிகள்

சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல இரண்டு சுரப்பிகள் இருக்கின்றன. உடம்புக்கு ஆபத்து வந்தால் அவை 'கார்டிசால்' என்ற ஹார்மோனை ரத்தத்தில் கொட்டும். டாக்டரின் கத்தியும் திருடனின் கத்தியும் உடம்புக்கு ஒன்றுதான்! பிதற்றும் நோயாளிகளின் ரத்தத்தில் கார்டிசால் மிகுந்திருப்பதைச் சில ஆராய்ச்சிகள் கண்டன. அதுதான் காரணமா, வெறும் அடையாளமா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

கார்டிசால் இனத்து மருந்து ஒன்று வீக்கத்தை அடக்கும். ஆபரேஷனின்போது அதைக் கொடுத்தால் நல்லது நடக்குமா? 18 நாடுகளில் 7,507 பேரிடம் சோதித்தார்கள். 2015-ல் முடிவு வந்தது. மருந்து பெற்றவர்களில் 100-க்கு 8 பேருக்கு டெலிரியம். பெறாதவர்களிலும் அதே 8 பேர்! அந்த மருந்து டெலிரியத்தைக் குறைக்கவில்லை.

மூக்குக் கண்ணாடி வைத்தியம்

பலன் தந்தது வேறொன்று. அமெரிக்காவில், யேல் பல்கலைக்கழக டாக்டர் ஷாரன் இனோயி 852 முதிய நோயாளிகளைக் கவனித்தார். அவர்கள் இருதய ஆபரேஷன் ஆனவர்கள் அல்ல. பொது வார்டில் இருந்தவர்கள். அவர்களில் ஒரு பாதியினருக்கு மூக்குக் கண்ணாடி, காது கேட்கும் கருவி, இரவில் தூக்கம், போதிய தண்ணீர், எழுந்து நடமாட்டம், பேச்சுத் துணை இவற்றைத் தவறாமல் கிடைக்கச் செய்தார்கள். 1999-ல் வெளியான கணக்குப்படி, 100-க்கு 15 பேருக்கு வந்த டெலிரியம் சுமார் 10 ஆகக் குறைந்தது. இருதய வார்டுகளிலும் இன்று இதையே செய்யச் சொல்கிறார்கள்.

இதில் பாதி வேலை வீட்டாருடையது! அப்பாவின் கண்ணாடி அலமாரியில் தூங்கக் கூடாது. "இன்று திங்கட்கிழமை, இது ஆஸ்பத்திரி, நான் உங்கள் மகள்" என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். அவரோடு வாதாடக் கூடாது.

கூச்சல் போடும் நோயாளியை எல்லாரும் கவனிப்பார்கள். சத்தமின்றிச் சுருண்டு, சுவரையே பார்த்துக் கிடப்பவருக்கும் இதே நோய் இருக்கலாம். "எங்கள் அப்பா இப்படி இருப்பவர் அல்ல" என்று நர்ஸிடம் உடனே சொல்ல வேண்டும். அவருடைய பழைய சுபாவம் நர்ஸுக்கு எப்படித் தெரியும்?