ஆப்லா என்றால் நம்முடையது!



தமிழைப் போலவே மராத்தியிலும் "எங்கள்" வேறு, "நம்" வேறு. "ஆம்ச்சி மும்பை" என்று மேடையில் முழங்குகிறார்களே, அந்த "ஆம்ச்சி"க்குப் பொருள் "எங்கள்". கேட்கிறவனுக்கு அதில் பங்கில்லை. ஆனால் 2022 முதல் மும்பை மாநகராட்சி திறந்துவரும் சிறு மருத்துவ நிலையங்களுக்குப் பெயர் "ஆப்லா தவாகானா". "ஆப்லா" என்றால் "நம்முடைய". அதே பலகையில் பாலாசாஹேப் தாக்கரேயின் பெயரும் இருக்கிறது. தென்னிந்தியர்கள் வேலைகளைப் பறிக்கிறார்கள் என்று 1960களில் இயக்கம் நடத்திய அதே தலைவர்தான். இருக்கட்டுமே! பெயர் யாருடையதாயினும் பணம் நம்முடையது. சோப்புக்கும் செருப்புக்கும் நாம் கட்டும் வரியில் ஓடுவதுதான் அரசாங்கம். அந்த வாசலில் தலைநிமிர்ந்து நுழைய நமக்கு முழு உரிமை உண்டு.

நுழைகிறோமா? காய்ச்சல் என்றால் தெருமுனை டாக்டரிடம் ஓர் ஊசி. பிரசவம் என்றால் நகையை அடகு வைத்து நர்சிங் ஹோம்; அல்லது நிறைமாத வயிற்றோடு ஜெனரல் பெட்டியில் ஊருக்குப் பயணம். ஏன் என்று கேட்டால், "நாம் பிழைக்க வந்தவர்கள், கார்டு கேட்பான், பாஷை தெரியாது, நமக்கேன் வம்பு" என்கிறோம். இந்த "நமக்கேன் வம்பு"தான் வட்டிக்காரனுக்கு நாம் போட்டுக் கொடுத்த மூலதனம்!

சட்டம் என்ன சொல்கிறது? 1992-இல் வங்காளத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு விவசாயத் தொழிலாளியை, படுக்கை இல்லை, வசதி இல்லை என்று அரசு ஆஸ்பத்திரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. அவர் சார்பில் விவசாயத் தொழிலாளர் சங்கம் வழக்காடியது. அவசர சிகிச்சையை மறுப்பது அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை மீறுவது என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, 25,000 ரூபாய் நஷ்டஈடும் கொடுக்கச் சொன்னது. வழக்குக்குச் சங்கம் இருந்தது, தீர்ப்பும் வந்தது. இதை மறக்காதீர்கள்.

2011 முதல் உள்ள ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம் இலவசம், சிசேரியனானாலும் இலவசம். மருந்து, பரிசோதனை, ரத்தம், தங்கும் நாட்களுக்குச் சாப்பாடு, போகவர வண்டி எல்லாம் அதில் அடக்கம். அங்கன்வாடியில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கும், கர்ப்பிணிக்கும், பாலூட்டும் தாய்க்கும் சத்துணவு உண்டு. தடுப்பூசிக்குக் காசில்லை. காசநோய்க்கு மருந்து இலவசம். அதோடு சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய், 2024 நவம்பர் முதல். திருவிழாவுக்கு ஊருக்குப் போனால் மாத்திரையை நிறுத்தாதீர்கள். இங்கேயே சொன்னால் சிகிச்சையை ஊருக்கு மாற்றித் தருவார்கள். ஊரில் எடுத்த ரேஷன் கார்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவதானால், அதை வைத்து இங்குள்ள கடையிலேயே மத்திய அரசின் தானியத்தை வாங்கலாம். 2022-இல் இந்த ஏற்பாடு எல்லா மாநிலங்களுக்கும் வந்துவிட்டது.

"ஏட்டில் இருக்கிறது, கொடுக்கிறானா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நான் கவுண்டருக்கு உட்புறம் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிற குமாஸ்தா. உட்புறத்து ரகசியம் ஒன்று சொல்கிறேன். தயங்கித் தயங்கித் தனியாக வருகிறவரைத்தான் "நாளைக்கு வா" என்று அனுப்புவார்கள். திட்டத்தின் பெயரைச் சொல்லி, "முடியாது என்றால் எழுதிக் கொடுங்கள்" என்று இரண்டு பேராக வந்து கேட்பவர்களிடம் எந்தக் குமாஸ்தாவும் குரலை உயர்த்துவதில்லை.

எனக்கு ரயில்வே ஆஸ்பத்திரி இருக்கிறது. நான் நிற்கும் அதே பிளாட்பாரத்தைக் கூட்டுகிற காண்டிராக்ட் தொழிலாளிக்கு அது இல்லை. அவர் உடல் மட்டும் மலிவா? அவருக்கு இருப்பது முனிசிபல் ஆஸ்பத்திரிதான். அதைக் காப்பாற்றாமல் நாம் எந்த முகத்தோடு தொழிலாளர் ஒற்றுமை பேசுவது?

விடியற்காலையிலேயே கேஸ் பேப்பருக்குக் கியூ நிற்கிறது. மருந்தை வெளியே வாங்கச் சொல்கிறார்கள். உண்மை. அதற்காக விட்டு விலகினால் யாருக்கு லாபம்? குரல் கொடுக்க ஆளில்லாத ஆஸ்பத்திரியைத் தனியாரிடம் தள்ளிவிடுவது மிகச் சுலபம். 1989-இல் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி தொடங்கியது நட்சத்திர ஆஸ்பத்திரியில் அல்ல. தாராவிக்குப் பக்கத்தில், நம் பெண்கள் நடந்தே போகக்கூடிய சயான் ஆஸ்பத்திரியில்! 2020-இல் கொரோனா தாராவிக்குள் நுழைந்தபோது மாநகராட்சி ஊழியர்கள் குடிசை குடிசையாக வந்து சோதித்தார்களே, அது எப்படி முடிந்தது? நோய் மாடிவீட்டுக்கும் ஏறும் என்ற பயம் வந்ததும் அரசாங்கத்துக்கு நம் சந்துகளுக்கு வழி தெரிந்துவிட்டது. மனம் இருந்தால் வரமுடியும் என்று அன்றைக்கு அவர்களே நிரூபித்தார்கள். காசநோய்க்கும் ரத்தசோகைக்கும் அப்படி வா என்றுதான் கேட்கிறோம்.

நம் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. பொங்கல் விழாவுக்குப் பந்தல் போடுகிறோம், தலைவர்களுக்குச் சால்வை போர்த்துகிறோம். ஆஸ்பத்திரி வாசலில் மராத்தி தெரிந்த ஒரு தமிழ்ப் பிள்ளையை நிறுத்தி வைக்க மட்டும் நமக்கு வக்கில்லையா? ஒரு சால்வையின் விலையில் ஒரு மாத பஸ் பாஸ் எடுத்துக் கொடுக்கலாமே!

ஒவ்வொரு சாலுக்கும் இரண்டு பேர் முன்வாருங்கள். ஒருவர் கட்டாயம் பெண்ணாக இருக்கட்டும். எந்த வீட்டில் கர்ப்பிணி, எந்தக் குழந்தைக்குத் தடுப்பூசி பாக்கி, யாருக்கு விடாத இருமல் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். கூட்டிக்கொண்டு போங்கள். மறுத்தால் தேதி, நேரம், மறுத்தவரின் பதவி மூன்றையும் குறித்து வாருங்கள். பத்து மறுப்பு சேர்ந்தால் அது மனு. நூறு சேர்ந்தால் அது ஊர்வலம்.

"ஆப்லா" என்று பலகையில் எழுதியது அவர்கள். அதை உண்மையாக்க வேண்டியது நாம்.