செவிவழி நிரல் எழுதுவோர்

திண்டுக்கல் என்றதும் பூட்டு நினைவுக்கு வரும். 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது அப்பூட்டு. மூடிய பூட்டினுள் திறவுகோல் பற்றியதா, வழுக்கியதா என்பது கண்ணுக்குப் புலனாகாது. விரலும் செவியுமே அதனை உணர்த்தும். அவ்வூரிலும் பார்வையற்றவர் கணிப்பொறிக்கு நிரல் எழுதுதல் கூடுமோ என்று ஐயுறுவார் இருக்கக்கூடும்.

புனேயில் பிறந்த டி. வி. இராமன் 14ஆம் வயதில் கண்ணழுத்த நோயால் பார்வையை இழந்தார். எனினும் பம்பாய் ஐ.ஐ.டி.யில் பயின்று, 1994இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். மறு ஆண்டே 'ஈமாக்ஸ்பீக்' என்னும் கருவியை உலகிற்கு வழங்கினார். அது திரையிலுள்ள எழுத்துகளை வெறுமனே ஒப்பிப்பதன்று. கட்டளைச் சொல்லுக்கு ஒரு குரல், விளக்கக் குறிப்புக்கு வேறொரு குரல் என நிரலின் பொருளறிந்து ஒலிப்பது.

2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்னும் பார்வையற்ற இளைஞர் 'என்.வி.டி.ஏ.' என்னும் திரைவாசிப்பானை உருவாக்கத் தொடங்கினார். விலையின்றிக் கிடைக்கும் அக்கருவியின் பெரும்பகுதி பைத்தான் மொழியில் எழுதப்பட்டது. பைத்தானிலோ வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளியே பொருளை மாற்றிவிடும். ஆதலால் அம்மொழி பார்வையற்றோர்க்கு ஆகாது என்பர் சிலர். இது நுனிப்புல் மேய்ந்தார் கூற்று. அவ்விடைவெளியைச் சொல்லாகவோ, ஏறியிறங்கும் ஒலியாகவோ அறிவிக்குமாறு அத்திரைவாசிப்பானைப் பணிக்கலாம்.

ஆகவே, இடர் பெரும்பாலும் மொழியில் இல்லை. நிரல் எழுதும் களமாகிய கருவியில்தான் உள்ளது. பிழையைச் சிவப்புக் கோட்டால் மட்டும் காட்டும் கருவியும், படங்களைச் சுட்டியால் இழுத்தாலன்றி இயங்காத கருவியும் எத்துணை அழகியவாயினும் பார்வையற்ற மாணவர்க்குப் பூட்டிய கதவுகளே. 'விஷுவல் ஸ்டுடியோ கோட்' போன்றவற்றில் விசைப்பலகையாலேயே குறித்த வரிக்குச் செல்லலாம். பிழையுள்ள வரியை ஒலியால் அறியலாம்.

வகுப்பு முழுமைக்கும் ஒரே கருவி இருந்தால்தான் தேர்வு நடத்துதல் எளிது என்பார் உளர். ஆசிரியர்க்கு எளிது என்பது மெய்யே. ஆனால், தேர்வில் மதிப்பிடப்படுவது நிரலேயன்றி அதனை எழுதிய சாளரம் அன்று. மாற்றுத்திறனாளியின் தேவைக்கேற்ற ஏற்பாட்டினைக் கல்வி நிறுவனங்கள் செய்து தருதல் வேண்டும் என்று 2016ஆம் ஆண்டுச் சட்டமும் கூறுகிறது. கருவியைத் தெரிந்தெடுக்கும் ஆசிரியர், சுட்டியைக் கழற்றித் திரையையும் அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் தாமே அதில் நிரல் எழுதிப் பார்க்கலாம். அதன்பின் பார்வையற்ற மாணவரையே அழைத்து, எது உதவுகிறது என்று கேட்கலாம். இதனைப் பள்ளி திறக்குமுன் செய்தல் நன்று. பாதி ஆண்டு கழிந்தபின் கருவியை மாற்றினால் அம்மாணவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து பழக வேண்டியிருக்கும்.