துணிப்பெட்டியும் சக்கர நாற்காலியும் ஒன்றா?



சென்னையிலிருந்து விமானத்தில் மதுரை வந்திறங்கிய என் மாமாவின் பேட்டரி சக்கர நாற்காலி, கைப்பிடி விசை முறிந்து, ஒயர் தொங்க வந்து சேர்ந்தது. விலை லட்சத்துக்கு மேல். உள்நாட்டு விமானத்தில் பொருள் சேதமானால் இழப்பீட்டு உச்சவரம்பு 20,000 ரூபாய். துணிப்பெட்டிக்கும் அதே கணக்குதான். மதிப்பை முன்பே எழுதிக்கொடுத்து, கூடுதல் கட்டணம் கட்டினால் வரம்பு உயரும். கவுன்ட்டரில் இதை யார் சொல்கிறார்கள்? அமெரிக்க உள்நாட்டு விமானங்களில் சக்கர நாற்காலிக்கு இப்படி வரம்பே கிடையாது. வாங்கிய விலை வரை தந்தாக வேண்டும். இங்கே ஆத்தூரில் பழுதுபார்க்க ஆளில்லை, திண்டுக்கல்லில் உதிரிபாகமும் கிடைக்கவில்லை. மாமா கட்டிலோடு கிடக்கிறார். மருத்துவ உபகரணங்களுக்கு இந்த வரம்பை மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகம் உடனே நீக்க வேண்டும்.

– ஒரு வாசகர், ஆத்தூர், திண்டுக்கல் மாவட்டம்.