கண்முன் தோன்றும் மின்கோடுகள்

பரீட்சைக்குப் படித்துக் கொண்டிருக்கும் மாணவியொருத்திக்கு எழுத்துக்களின் நடுவே ஒரு சிறு பகுதி மறைகின்றது. சற்று நேரத்தில் அவ்விடத்தைச் சூழ்ந்து, கோட்டை மதில்போல் மூலைமூலையாய் மடிந்த கோடொன்று மின்னி மின்னிப் பெருகிப் பார்வையின் ஓரம்வரை செல்கின்றது. கண் போய்விட்டதோ என்று அவள் நடுங்குகின்றாள். அரைமணி நேரத்தில் பார்வை தெளிகின்றது. அதன்பின் தலையின் ஒரு பக்கத்தில் கடும் இடி தொடங்குகின்றது. இதனைப் படிப்பில் மனமில்லாதார் கூறும் சாட்டு என்பாரும் உளர். மூக்குக்கண்ணாடியை மாற்றினாற் போதும் என்பாரும் உளர். இரண்டும் தவறாகும்.

கபாலக்குத்து எனப்படும் ஒற்றைத் தலையிடி உடையோரில் ஏறக்குறைய நால்வருக்கு ஒருவர் இத்தகைய முன்னறிகுறியைக் காண்கின்றனர். ஆங்கில மருத்துவர் ஹியூபேட் எயரி தாம் கண்ட மின்கோடுகளைத் தாமே வரைந்து 1870இல் வெளியிட்டார். அமெரிக்க அறிஞர் காள் லாஷ்லி, தமது பார்வையில் மறைவு பரவிய வேகத்தைக் கணித்து, மூளையின் மேற்பரப்பில் நிமிடத்துக்கு 3 மில்லிமீற்றர் அளவில் ஏதோ ஒன்று நகர்கின்றது என 1941இல் எழுதினார். 1944இல் பிரேசில் நாட்டவரான லியாவோ, முயலின் மூளையில் அவ்வாறே மெல்லப் பரவும் அலையொன்றைக் கண்டறிந்தார். ஆகவே குற்றம் கண்ணில் அன்று, மூளையில் நிகழும் தற்காலிக மாற்றத்திலேயே உள்ளது. ஒரு கண்ணை மூடினாலும் மற்றக் கண்ணை மூடினாலும் அக்கோடு தோன்றுவது இதனாலேயே.

இனிச் சிகிச்சையைக் கூறுவோம். தொடங்கிய மின்கோட்டை உடனே நிறுத்தவல்ல மருந்து என உறுதியாய்ச் சொல்லத்தக்கது எதுவுமில்லை. அது பெரும்பாலும் 5 நிமிடம் முதல் 60 நிமிடத்துக்குள் தானே மறையும். வாகனம் ஓட்டுவோர் உடனே நிறுத்துதல் வேண்டும். இருண்ட அறையில் அமைதியாய் இருத்தல் நன்று. தலையிடியைத் தணிக்கும் குளிசையைப் பிந்தாமல் உட்கொள்ளின் பயன் மிகுதி. ஆயினும் பதினாறு வயதுக்குட்பட்டோர்க்கு அஸ்பிரின் கொடுத்தலாகாது. டெங்கு எனச் சந்தேகிக்கும் காய்ச்சலில் எவர்க்கும் ஆகாது. மாதத்திற் பாதி நாட்கள் நோமாற்றிக் குளிசைகளை விழுங்குவோர்க்கு அக்குளிசைகளே தலையிடியை வளர்ப்பதுமுண்டு. அடிக்கடி துன்புறுவோர்க்குப் புரப்பிரனோலோல் போன்ற தடுப்பு மருந்துகளை வைத்தியர் அளிப்பர். தொய்வு நோயுடையோர் அதனை முன்னரே அவருக்குச் சொல்லல் வேண்டும்.

நேரந்தவறாத உணவும் ஒழுங்கான உறக்கமும் பெருந்துணையாகும். காலையுணவின்றிப் பாடசாலைக்குச் செல்வதும், பரீட்சைக் காலத்தில் விடியும்வரை விழித்திருப்பதும் இந்நோயை வலிய அழைப்பனவாம்.

தாய்மார்க்கு ஒரு சொல். மின்கோடு காணும் பெண்களுக்குப் பாரிசவாதம் வரும் வாய்ப்பு சற்றே மிகுதி. ஈஸ்திரசன் கலந்த கருத்தடைக் குளிசையும் புகைபிடித்தலும் அதனை மேலும் கூட்டும். ஆதலின் அக்குளிசையைப் பெறும்போது இவ்வறிகுறியை வைத்தியரிடம் மறையாது கூறுதல் இன்றியமையாதது. வேறு கருத்தடை முறைகள் உள.

எல்லாப் பார்வைக் குறையையும் கபாலக்குத்து எனக் கொள்ளவும் ஆகாது. பார்வை திடீரென மறைதல், ஒரு கண்ணில் மாத்திரம் திரை விழுந்தாற்போலாதல், கை கால் சோர்தல், நா குழறுதல், குறி ஒரு மணி நேரத்தைக் கடத்தல், ஐம்பது வயதின்பின் முதன்முறையாகத் தோன்றுதல் ஆகியவற்றுள் ஒன்று நேரினும் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்க.

அடுத்த முறை உங்கள் பிள்ளை "கண்முன் ஏதோ மின்னுகிறது" என்று சொன்னால், கடியாதீர்கள். அருகிலிருத்திக் கடிகாரத்தைப் பாருங்கள். தொடங்கிய நேரத்தையும் மறைந்த நேரத்தையும் முன்னாள் உறக்கத்தையும் உணவையும் ஒரு கொப்பியிற் குறித்து வையுங்கள். வைத்தியருக்கு அதனைவிடச் சிறந்த உதவி வேறில்லை எனலாம்.